நான் பேயாக இருந்த அரை மணி நேரம்

பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்போதெல்லாம் புதுச்சேரியில் பஞ்சாலைச் சங்கை வைத்துத்தான் ஊரே நேரம் பார்க்கும். அந்த ஆலைகளில் ஒன்றில் நான் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேலையில் இருந்தேன். என் மூத்த பெண் கைக்குழந்தை, பால்குடி மறக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. பேய்க் கதை என்றாலே ராத்திரி என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் உச்சி வேளைக்கும் அதே பயம் உண்டு. உச்சி நேரத்தில் ஆள் தெரியாமல் யாராவது கூப்பிட்டால் 'என்னா?' என்று திருப்பிக் கேட்கக் கூடாது என்பார்கள். கேட்டால், கூப்பிட்டது எதுவோ அது நம்மைப் பிடித்துக்கொள்ளுமாம்.

எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். எழுத்துப் பிழையை நீ திருத்திக்கொள், விஷயத்தில் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் கதை கேட்பதில் என்னை மிஞ்ச அந்த ஆலையில் ஆள் இல்லை. ஒரு தடவை கேட்டால் போதும், வரி பிசகாமல் மனதில் நின்றுவிடும்.

எங்களுக்குக் கதை படித்தவள் ரெட்டியார்பாளையத்துப் பெண் ஒருத்தி. கல்யாணம் ஆகாதவள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவள். மடிப்புக் கலையாமல் சேலை கட்டிக்கொண்டு வருவாள். அதனால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மத்மசேல். கல்யாணமாகாத வெள்ளைக்காரப் பெண்களை அந்தக் காலத்தில் இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். வாரப் பத்திரிகையில் வந்த பேய்க் கதைகளையெல்லாம் தனியாகக் கிழித்து ஊசி நூலால் தைத்து வைத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் பஞ்சுக் கிடங்கின் பின்சுவர் நிழலில் உட்கார்ந்து, ஏழெட்டுப் பெண்கள் சோற்றைப் பிசைய, அவள் படிப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் ஒரு பயந்தாங்கொள்ளி. படிக்கும்போதே குரல் நடுங்கும். அந்த நடுக்கத்தில்தான் கதைக்கு ருசி. முடித்த பிறகு தண்ணீர்க் குழாய்க்குக்கூடத் தனியாகப் போக மாட்டாள். "யாராவது கூட வாங்களேன்" என்று கெஞ்சுவாள். நான் விட மாட்டேன். "நான் வீராம்பட்டினத்துல பொறந்தவடி. எங்கப்பன் அமாவாசை இருட்டுல கட்டுமரம் தள்ளுனவரு. எங்க வூட்டுப் புள்ளைங்க பேய வெரட்டி வெளையாடும்" என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பக்கங்களை மடித்து வைப்பாள்.

அவள் தைத்து வைத்திருந்ததில் ஒரு கதைதான் எங்களுக்கு உயிர். எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காது. ஒரு பண்ணையாரின் நெல் கிடங்கு. மூட்டை சுமக்கிற பெண் ஒருத்தி அதில் மூட்டை சரிந்து செத்துப்போகிறாள். அதற்குப் பிறகு உச்சி வேளையானால் கிடங்குக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். எப்படிப்பட்ட குரல் என்றால், அப்போதுதான் அங்கேயிருந்து கிளம்பிப்போன ஆளின் குரல். "இங்கேதான் இருக்கிறேன். கை கொடுங்கள்" என்று கேட்கும். நம்ம ஆளாச்சே என்று கை கொடுத்தால் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் பண்ணையார் மந்திரவாதியைக் கூட்டிவந்து கதவை ஆணியடித்து மூடுவதோடு கதை முடியும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே குழந்தைக்கு உடம்பு சுட்டது. மாமியாரிடம் கொடுத்துவிட்டு வந்தேன், மனசு நிலைகொள்ளவில்லை. சாப்பாட்டுச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் மேஸ்திரியிடம் கேட்டு, பாதி நாளோடு கிளம்ப அனுமதி வாங்கிவிட்டேன். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன். கதிர்காமத்திலிருந்து வருகிற பெரியம்மா ஒருவர் எங்கள் கூட்டத்தில் மூத்தவர். அவர்கூட "போயி புள்ளைக்குப் பத்துப் போடுடி" என்று சொல்லி அனுப்பினார்.

வாசல் பக்கம் பாதி தூரம் நடந்த பிறகுதான் என் சோற்றுத் தூக்கு ஞாபகம் வந்தது. எறும்பு ஏறாமல் இருக்க அதைக் கிடங்குக்குள் ஒரு ஆணியில் மாட்டி வைப்பது என் வழக்கம். யாரிடமும் சொல்லாமல் திரும்பிக் கிடங்குக்குள் போனேன்.

பஞ்சுப் பொதி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பஞ்சுதானே என்று நினைக்கக் கூடாது, ஒரு பொதியைப் புரட்ட நாலு ஆண்கள் வேண்டும். சுவர் உயரத்துக்கு அதை அடுக்கியிருப்பார்கள். அன்று காலையில் கீழ் வரிசையிலிருந்து ஒன்றிரண்டை உருவியிருந்தார்கள். மேலே இருந்தது தொங்கலில் நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. சந்துக்குள் நுழைந்து தூக்குக்குக் கையை நீட்டினேன். தலைக்கு மேலே 'க்ரீச்' என்று பட்டை உரசுகிற சத்தம். அவ்வளவுதான் தெரியும்.

கண் விழித்தபோது சாப்பாட்டுச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. மல்லாந்து கிடந்தேன். மேலே ஒரு பொதி சாய்வாக நின்று, சுவருக்கும் அதற்கும் நடுவில் கிடைத்த சந்தில் நான். அது நேராக விழுந்திருந்தால் இந்தக் கதை இல்லை. இடது கால் இன்னொரு பொதிக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மூட்டை பிரிந்து, உதிரிப் பஞ்செல்லாம் என் மேல் கொட்டிக் கிடந்தது. வாய், மூக்கு எல்லாம் பஞ்சு. வலது கை ஒன்றுதான் வெளியே நீட்டியபடி இருந்தது.

அப்போதுதான் மேலே இருந்த காற்றுச் சந்து வழியாக எங்கள் பெண்கள் பேசுவது கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உயிர் வந்தது எனக்கு.

"வீராம்பட்டினத்தா போயிட்டாளா?" என்றாள் ஒருத்தி.

"அவ அப்பவே போயிட்டா. புள்ளைக்குக் காய்ச்சலாம்."

"பாவம். ஆனா அவ இல்லாம காதுக்கு நல்லாருக்கு. பேய வுட அவதான் அதிகமாக் கத்துவா."

எல்லாரும் சிரித்தார்கள். நான் கூப்பிட்டேன். கூப்பிட்டதாக நான் நினைத்தேன். சத்தமே வரவில்லை. நெஞ்சின் மேல் பாரம், வாயில் பஞ்சு. நாக்கால் அதை உருட்டி உருட்டித் துப்பப் பார்த்தேன். துப்பத் துப்ப மூச்சோடு இன்னும் உள்ளே போயிற்று.

"மத்மசேல், கதைய எடு. இன்னைக்கு எந்தப் பேயி?" இது பெரியம்மா.

"புதுசா ஒண்ணும் வரல பெரிம்மா. நெல்லுக் கிடங்குதான் இருக்கு."

"அதையே படி. தெரிஞ்ச பேயின்னா கொஞ்சம் தைரியமா இருக்கும்."

அவள் படிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. சனிக்கிழமைகளில் சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதியதும் மேஸ்திரி கிடங்கைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிடுவார். பிறகு திங்கட்கிழமைதான் திறப்பு. இயந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டால் இடி இடித்தாலும் யாருக்கும் கேட்காது. நான் வீட்டுக்குப் போய்விட்டதாக ஆலையில் நினைப்பார்கள். ஆலையில் இருப்பதாக வீட்டில் நினைப்பார்கள். ராத்திரி தேட ஆரம்பித்தாலும் கிடங்கில் தேட யாருக்கும் தோன்றாது.

கதை முடிந்து, அவர்கள் கை கழுவி எழுந்தால் சங்கு ஊதும். என்றைக்கும் அப்படித்தான். ஆகவே என் உயிருக்கு இருந்த அவகாசம் அந்தக் கதையின் நீளம்தான். அதுவோ எனக்கு மனப்பாடம். பண்ணையார் வருகிறார். மூட்டை சரிகிறது. கணக்குப்பிள்ளை வெளியே போகிறான். ஒவ்வொரு இடமாகத் தாண்டிப்போவது கேட்டுக்கொண்டே இருந்தது. 'மெதுவாப் படிடி' என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் வாழ்நாளில் யாரிடமும் நான் அப்படிக் கெஞ்சியதில்லை.

கடைசியாகத் தொண்டையில் அடைத்திருந்த பஞ்சு கட்டியாக வெளியே வந்தது. மூச்சை இழுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன்... கை குடுங்க!"

அவள் அப்போதுதான் அந்த வரியைப் படித்து முடித்திருந்தாள். "இங்கேதான் இருக்கிறேன். கை கொடுங்கள்." அதே வரி. சத்தியமாக நான் வேண்டுமென்று சொல்லவில்லை. பொதிக்கு அடியில் கிடக்கிறவள் வேறு என்ன சொல்வாள்? பஞ்சு குரலை விழுங்கிவிடும். என் கத்தல் அவர்களுக்கு எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டிருக்கிறது.

வெளியே படிப்பு பாதியில் நின்றது. பிறகு ஒரு சட்டி உருண்டது.

"யாருடி அது?"

"வீராம்பட்டினத்தா குரல் மாதிரி இருக்கே?"

"அவதான் வூட்டுக்குப் போயிட்டாளே!"

அவ்வளவுதான். அந்தக் கதையில் பேய் என்ன செய்யுமோ அதை அப்படியே நான் செய்திருக்கிறேன். கிளம்பிப்போனவளின் குரலில் கூப்பிட்டிருக்கிறேன். ஒருத்தி "ஆத்தா, மாரியாத்தா" என்று அலறினாள். "யாரும் பதில் குடுக்காதீங்கடி! உச்சி நேரம்!" என்று பெரியம்மா அதட்டினார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அடையாளம் சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தேன். "பெரிம்மா, நான்தான்! காலைல எங்கிட்ட வெத்தல வாங்கிப் போட்டுக்கிட்டீங்களே, நான்தான்!" என்றேன்.

"ஐயையோ, வெத்தல வாங்குனதெல்லாம் சொல்லுதே!" என்று பெரியம்மா போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"அடிப் பாவிங்களா, நான் பொணமாப் போறதுக்குள்ள யாராவது வாங்கடி!"

பொணம் என்ற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஓடுகிற சத்தம் கேட்டது. புல்லில், மண்ணில், கடைசியாகச் சிமெண்டில். பிறகு ஒன்றும் இல்லை.

காற்றுச் சந்திலிருந்து ஒரு கோடு வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதில் பஞ்சுத் தூசி மெதுவாகச் சுற்றியது. மார்பு கட்டி வலித்தது. பால் தானாகக் கசிந்து ரவிக்கை நனைந்தது. என் குழந்தைக்குப் பசிக்கிற நேரம். காய்ச்சலில் அது அழுவது போலவும், மாமியார் சர்க்கரைத் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைப்பது போலவும் தோன்றிக்கொண்டே இருந்தது. இவ்வளவு பால் இங்கே மண்ணுக்குப் போகிறதே என்று நினைத்தபோதுதான் என் வீறாப்பு உடைந்தது. கத்தப் பலம் இல்லை. பெருமை பேசவும் பலம் இல்லை. "யம்மா... யம்மா..." என்று முனகினேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

எத்தனை நேரம் முனகினேனோ. திடீரென்று கிடங்கு வாசல் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டது.

"என்னா?"

உச்சி நேரத்தில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. குரல் நடுங்கியது. மத்மசேல்தான்.

"பாப்பா, நான்தான்டி" என்றேன்.

"நீ அக்காவா இருந்தாலும் சரி, அக்கா மாதிரி பேசுறதா இருந்தாலும் சரி, பேசிக்கிட்டே இரு. சத்தத்த வச்சு வர்றேன். நான் கண்ணத் தொறக்க மாட்டேன்."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றேன், கால் மாட்டிக்கொண்டது என்றேன். அவள் ஒவ்வொரு அடியாக வருவது கேட்டது. "மாதாவே, மாரியம்மா, மாதாவே" என்று பள்ளிக்கூடத்துச் சாமியையும் வீட்டுச் சாமியையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். பொதிகளைத் தடவித் தடவி, தடுக்கி விழுந்து, எழுந்து வந்தாள்.

பஞ்சுக் குவியலுக்கு மேலே நீட்டியிருந்த என் கையை நானே பார்த்தேன். விரல் நுனி வரை வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. கதையில் வருகிற கை அப்படித்தான் இருந்திருக்கும். நல்ல வேளை, அவள் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் கை காற்றில் துழாவியது. என் விரலில் பட்டது. வெடுக்கென்று பின்னால் போனது. போய்விட்டால் அவ்வளவுதான். மறுபடி கை வந்தது. இந்தத் தடவை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் கட்டி மாதிரி இருந்தது அவள் கை.

"சூடா இருக்கு" என்றாள். பிறகு ஓவென்று அழுதாள். "அக்கா, ஒன் கை சூடா இருக்குக்கா!"

அப்போது சங்கு ஊதியது.

"ஓடிப் போயி மேஸ்திரியக் கூப்புடு, பூட்டிடப் போறாரு" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ "வுட்டுட்டுப் போயிடாத பாப்பா" என்பதுதான். அவளும் விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி "மேஸ்திரி! மேஸ்திரி!" என்று கத்தினாள். சங்கு அந்தக் கத்தலை மூழ்கடித்தது. சங்கு ஓயும்போது இயந்திரங்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. கதவு இழுக்கிற சத்தம் கேட்டது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அவள் காலுக்கு அருகில் என் தூக்கு கிடந்திருக்கிறது. காலால் ஓங்கி ஒரு உதை விட்டாள். அது கடகடவென்று உருண்டு நேராகக் கதவில் போய் மோதியது.

"எவன்டா அது உள்ள?" என்று மேஸ்திரி அலறியதில் பயம் இருந்தது. ஆனாலும் அவர் கதவைத் திறந்தார்.

ஆறு பேர் சேர்ந்து பொதியைத் தூக்கினார்கள். என் கணுக்கால் முறிந்திருந்தது. கட்டிலில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். வந்ததும் குழந்தையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டேன். வலி அப்புறம்தான் தெரிந்தது. பெரியம்மா வாசலில் நின்றபடியே, "நெசமாவே நீதானாடி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். காலைத் தொட்டுப் பார்த்து அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தது நானாக இருந்தால், அவரை முந்திக்கொண்டு முதலில் ஓடியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்மசேல் என்னைப் பார்க்க வந்தாள். எனக்குள் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது. என் குரலில் இருந்த உண்மையை அவள் ஒருத்திதான் கண்டுகொண்டாள் என்று நினைத்திருந்தேன்.

"ஏன் பாப்பா, நான்தான்னு எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டேன்.

"கண்டுபுடிக்கலக்கா. பேயின்னுதான் நெனச்சேன்."

"பின்ன எதுக்குடி வந்த?"

அவள் புடவை நுனியைத் திருகினாள். "எல்லாரோடயும்தான் ஓடுனேன். பாதி வழியில நின்னுட்டேன். 'யம்மா'ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு. பேயா இருந்தாலும் அதுக்கு என்னமோ வேணும்போல இருந்துச்சு. அதான்."

தண்ணீர்க் குழாய்க்குத் தனியாகப் போகத் தெரியாதவள். அவளை எத்தனை நாள் எல்லார் முன்னாலும் கேலி செய்திருப்பேன். "அந்தக் கதையக் கொண்டாந்திருக்கியா? படி" என்றேன். அவள் தயங்கினாள். நான் விடவில்லை.

அவள் படித்தாள். எனக்கு மனப்பாடமான கதைதான், ஆனால் அன்றைக்குக் கேட்ட மாதிரி அதற்கு முன்னால் கேட்டதில்லை. மூட்டை சரிகிற இடத்தில் என் கால் வலித்தது. "இங்கேதான் இருக்கிறேன். கை கொடுங்கள்" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

"அந்த மூட்ட சுமந்தவ மொதத் தரம் கூப்புட்டப்ப செத்துட்டாளா? உசுரோடதான் இருந்தாளா?"

அவள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். முன்னால் போய்ப் பார்த்தாள். விரலை வைத்து வரி வரியாகத் தேடினாள்.

"அது கதையில போடலக்கா" என்றாள்.

பக்கங்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு மிச்சக் கதையை அவள் படிக்கவில்லை. கதவில் ஆணியடிக்கிற இடத்தைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. மழைக்காலத்தில் அந்தக் கணுக்கால் இன்னும் கடுக்கும். பேய்க் கதை என்றால் இன்றைக்கும் எனக்கு உயிர். மருமகளைப் பழைய கதைகளைத் தேடிப் படிக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஆனால் ஓடுகிறவர்களோடு சேர்ந்து என்னால் ஓட முடிவதில்லை. உள்ளே கிடந்து கூப்பிடுகிறவள் பக்கத்தில்தான் மனசு போய் உட்கார்ந்துகொள்கிறது.